விசில் கெட்டிலுக்கு ஒரு பிள்ளை

சியோராவிக்,
1958 அக்டோபர் 12, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான தங்கை பிபியானேவுக்கு,

அண்ணன் பவியா எழுதுவது. நானும் உன் அண்ணி எலெனோராவும் உன் மகள் தபிதாவும் சுகம். உன் இருமலும் மாலைக் காய்ச்சலும் எந்த அளவில் இருக்கின்றன என்பதை மறைக்காமல் எழுது. கடல் தாண்டி அந்த டென்மார்க் காசநோய்ச் சானடோரியத்தில் உனக்குக் கடல்நாய் இறைச்சி கிடைப்பதில்லை என்று அண்ணி தினமும் புலம்புகிறாள். கடல் உறைவதற்கு முன் இவ்வாண்டின் கடைசிக் கப்பல் நாளை புறப்படுகிறது. இதற்கு நீ எழுதும் பதில் நாய்வண்டியில் வந்து சேரப் பிப்ரவரி ஆகிவிடும் என்பதால், சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புதிய ஆசிரியர் செப்டம்பர் 3, புதன்கிழமை வந்து இறங்கினார். டென்மார்க்காரர், பெயர் கிரோன்பெக். உடன் மனைவி எல்னா. பன்னிரண்டு வயது மகனை அங்கேயே விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். நான் இருபத்தொன்பது ஆண்டுகள் உபதேசியாராக இருந்து இந்தப் பள்ளியை நடத்தியவன். முறையான பயிற்சி இல்லை என்று சொல்லி எனக்கு ஓய்வு கொடுத்தார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் எதுவும் இல்லை. பயிற்சி பெற்றவர் செய்வது என்ன என்பதை மட்டும் நீ அறிய வேண்டும்.

தம் வீட்டு வாசற்கதவுக்கு உட்புறம் கொக்கி போட்டிருக்கிறார். செப்டம்பர் 7, ஆராதனை முடிந்து நானும் அண்ணியும் முறைப்படி பார்க்கப் போனோம். கதவு திறக்கவில்லை. மழையில் நின்றோம். பிறகு அவர் வந்து, "என்ன வேணும்?" என்றார்.

"ஒண்ணும் வேணாம்," என்றேன்.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

அண்ணிதான் பதில் சொன்னாள்: "சும்மா உக்காந்துட்டுப் போகத்தான்."

உட்கார வைத்தார். காப்பியும் கொடுத்தார். ஆனால் நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுவதும் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போக ஏதேனும் வேண்டியிருக்க வேண்டும் என்பது எந்த நாட்டு நாகரிகம்?

இதைவிடக் கொடுமை செப்டம்பர் 23, செவ்வாய் அன்று நடந்தது. வெண்திமிங்கிலங்கள் விரிகுடாவுக்குள் வந்தன. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு கரையில் நின்றது. பிள்ளைகளும் நின்றார்கள். ஆசிரியர் பள்ளி மணியைக் கையில் எடுத்துக்கொண்டு கரைக்கே வந்து அடித்தார். நாங்கள் பிடித்தவை மூன்று. மற்றவையெல்லாம் திரும்பிப் போய்விட்டன. "எட்டு மணின்னா எட்டு மணி," என்றார். குளிர்காலத்தில் ஊர் எதைத் தின்னும் என்று நான் கேட்டதற்கு, அது பாடத்திட்டத்தில் இல்லை என்பது போல் பார்த்தார்.

தபிதா அவருடைய மொழியை வேகமாகப் பற்றிக்கொள்கிறாள். அந்த ஒன்றை மட்டும் மெச்சினார். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சமாதானத்துடன்,
உன் அண்ணன் பவியா

*

சானடோரியம்,
1958 டிசம்பர் 10

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் தங்கை பிபியானே நலம். எடை கூடியிருக்கிறது. இருமல் குறைந்திருக்கிறது. வெயில் வரும் நாட்களில் கட்டிலோடு வராந்தாவில் கொண்டுபோய்ப் போடுகிறார்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அண்ணியின் கண்ணில் நீர் வடிவது நின்றதா?

மணியடித்துத் திமிங்கிலத்தைத் துரத்திய கதையை வார்டில் இருக்கும் நம் ஊர்ப் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து ஒருத்திக்கு இருமல் வந்து, செவிலி என்னைத் திட்டினாள். கோபம் வேண்டாம் அண்ணா. அந்த மனிதர் புதியவர். கடிகாரத்தைத் தவிர அவருக்கு அங்கே தெரிந்த முகம் எது?

இரண்டு பக்கக் கடிதத்தில் என் மகளுக்கு நீங்கள் ஒதுக்கியது இரண்டே வரி. அவள் என்னைப் பற்றிக் கேட்கிறாளா? உயரம் எவ்வளவு வந்திருக்கிறாள்? அடுத்த ஆகஸ்டுக் கப்பலில் நான் வந்துவிடுவேன் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
பிபியானே

*

சியோராவிக்,
1959 பிப்ரவரி 22, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் பிப்ரவரி 18 அன்று வந்தது. எடை கூடியதற்காக ஸ்தோத்திரம். என் முழங்கால் அப்படியே இருக்கிறது. அண்ணி சுகம்.

இனி நான் எழுதப்போவதைப் படுத்துக்கொண்டே படி. பிப்ரவரி 6, வெள்ளிக்கிழமை ஆசிரியர் என்னைப் பள்ளிக்கு அழைத்தார். தபிதாவை டென்மார்க்கில் படிக்க வைக்கத் தேர்ந்தெடுத்திருப்பதாகவும், ஆகஸ்டுக் கப்பலில் அவளை அனுப்பப்போவதாகவும், அவள் தம் மனைவியின் அக்காள் வீட்டில் வளர்வாள் என்றும் சொன்னார். "எத்தனை மாசத்துக்கு?" என்று கேட்டேன். "மாசக் கணக்கு இல்ல. பெரியவளாகிற வரைக்கும்," என்றார். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி அனுப்பியும் விட்டாராம்.

தாய் உயிரோடு இருக்கிறாள் என்றேன்.

"தாய் ஆஸ்பத்திரியில இருக்காங்க. இங்க பொறுப்பு நீங்கதானே?"

"ஆமா."

"அப்போ பிரச்சினையே இல்ல. கிறிஸ்துமஸ் சமயத்துலயே பேசி முடிச்சாச்சு. சாட்சிகூட இருக்கு."

எவரோ எதையோ பேசியதை இவர் சம்மதம் என்று பிடித்துக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் பேச்சை எப்படி எடுத்துக்கொள்வது என்று அறியாத மனிதர், நம் பிள்ளைகளுக்குப் பேச்சுக் கற்பிக்க வந்திருக்கிறார். பனியில் துணி காயாது என்று இவர் மனைவி துணி உலர்த்துவதை வகுப்பறைக்குள் வைத்திருக்கிறார். பிள்ளைகள் அவருடைய கால்சட்டைகளுக்குக் கீழே உட்கார்ந்து படிக்கிறார்கள். ஜனவரி 13 அன்று ஏழு மாதக் கர்ப்பிணியான நாய் ஒன்றைப் பள்ளி நடையிலிருந்து விரட்டினார். நாய்க்கு ஏழு மாதக் கர்ப்பம் இல்லை என்று அண்ணி திருத்துகிறாள். ஆனால் விரட்டியது மெய். இத்தகையவரிடம் நியாயம் எப்படிக் கேட்பது? இருந்தாலும் கேட்பேன். நீ கலங்காதே.

உன் அண்ணன் பவியா

*

சானடோரியம்,
1959 மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்கும் நிலையில் இன்று நான் இல்லை, மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நாயின் கர்ப்பம் இருக்கிறது, ஆசிரியரின் கால்சட்டை இருக்கிறது. கிறிஸ்துமஸில் பேசியது யார் என்பது மட்டும் இல்லை. "எவரோ எதையோ" என்று நீங்கள் எழுதி நான் இதுவரை பார்த்ததில்லை. காக்கை எந்தக் கிழமை கூரையில் உட்கார்ந்தது என்றுகூட எழுதுகிறவர் நீங்கள்.

என் கணவரைக் கடல் கொண்டுபோனது. என்னை இந்த நோய் கொண்டுவந்தது. எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. அவளை யார் யாருக்குக் கொடுத்தது? அன்று என்ன பேசினார்கள்? ஒரு சொல் விடாமல் எழுதுங்கள். உங்களால் முடியாவிட்டால் அண்ணியை எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்கும் இதே தபாலில் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

பிபியானே

*

சியோராவிக்,
1959 ஏப்ரல் 26, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

உன் கடிதம் ஏப்ரல் 22, புதன் அன்று வந்தது. கடற்பனி இளகத் தொடங்கிவிட்டதால் நாளை போகும் நாய்வண்டியே இப்பருவத்தின் கடைசி வண்டி. அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 23 அன்று ஆசிரியரிடம் போய், எந்தச் சம்மதமும் செல்லாது என்று தெளிவாகச் சொன்னேன். அவர், "குடுத்த வாக்கை மாத்துறீங்களா? நீங்க உபதேசியாரா இருந்தவர்," என்றார். என் வாழ்நாளில் என்னை எவரும் இவ்விதம் பேசியதில்லை. கொக்கி போட்ட வீட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

அண்ணி தனித்தாளில் ஏதோ எழுதி உறையில் வைத்திருக்கிறாள். நான் அதைப் படிக்கவில்லை. படிக்க விரும்பவும் இல்லை.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்,
பவியா

*

பிபியானே, நான் உன் அண்ணி எலெனோரா. எனக்கு எழுத்து வளையாது, பேசற மாதிரியே எழுதறேன். நல்லா இருக்கியாடி? மருந்தெல்லாம் முழுங்கு, துப்பாதே.

நடந்தது இதுதான். கிறிஸ்துமஸ் மறுநாள் வாத்தியார் வீட்டுல எல்லாருக்கும் காப்பி. அன்னிக்கு ஒரு நாள் கொக்கியைக் கழட்டியிருந்தாங்க. எல்னாம்மா வச்சிருக்கற கெட்டில் இருக்கே, தண்ணி கொதிச்சா விசில் அடிக்குது. உங்க அண்ணன் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். மூணு தடவை தண்ணி கொதிக்க வைக்கச் சொன்னார். அப்புறம் தபிதாவைக் கூப்பிட்டார்.

"இங்க வாடி. உன்னை இந்த அம்மாவுக்குக் குடுத்துட்டு இந்தக் கெட்டிலை வாங்கிட்டுப் போகப்போறேன். நீ நிறையத் திங்கிற. கெட்டில் ஒண்ணுமே திங்காது. கூப்பிட்டா உடனே குரல் குடுக்குது, நீ குடுக்க மாட்டேங்கற."

நம்ம வழக்கம் உனக்குத் தெரியாததா? உன்னையே சின்னதுல எத்தனை தடவை ஒரு கயாக்குத் தோல்படகுக்கு வித்திருக்கோம். பிள்ளை "மாட்டேன்"னு சொல்லணும், இல்ல "உன்னை வித்தா ஊசிகூடக் கிடைக்காது"ன்னு திருப்பிக் குடுக்கணும். எல்லாரும் சிரிக்கணும். பிள்ளைக்கு நெஞ்சுல உரம் ஏறணும். அவ்வளவுதானே.

எல்னாம்மா கேட்டாங்க, "நிஜமாவா சொல்றீங்க?"

"நிஜமாத்தான். நாளைக்கே கூட்டிக்கிட்டுப் போங்க. டென்மார்க்குக்கே கூட்டிக்கிட்டுப் போங்க."

வாத்தியார் தபிதாவைப் பாத்து, "உனக்குச் சம்மதமா?"ன்னார்.

"சரி, போறேன்"னுச்சு.

சபையே சிரிச்சுது. மாமனையே மடக்கிட்டாளேன்னு நானும் சிரிச்சேன்.

மறுநாள் எல்னாம்மா கெட்டிலைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வந்து குடுத்தாங்க. கிறிஸ்துமஸ் பரிசுன்னு நெனச்சு வாங்கி வச்சோம். அந்தம்மா கண்ணு கலங்கியிருந்துச்சு, எதுக்குன்னு அப்ப புரியல. அந்தக் கெட்டில் இப்ப நம்ம அடுப்புல இருக்கு. தினம் காலையில உங்க அண்ணனுக்கு அது கூவினாத்தான் விடியுது. இதை அவர் ஒரு வரிகூட எழுதலையா? எழுத மாட்டார்.

எலெனோரா

*

சியோராவிக்,
1959 ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய திருமதி பிபியானே அவர்களுக்கு,

தாங்கள் நலம்பெற்று வருவீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது.

தங்கள் மகள் மிகுந்த அறிவுள்ளவள். இங்கே குளிர்காலத்தில் விளக்குக்கு மண்ணெண்ணெய் தீர்ந்தால் பள்ளி நடக்காது. வேட்டை நன்றாக இருந்தாலும் பள்ளி நடக்காது. இத்தகைய இடத்தில் அவளை விட்டுவைப்பது அநியாயம் என்று கருதுகிறேன். அவளுடைய பொறுப்பாளரான தங்கள் அண்ணன் பலர் முன்னிலையில் சம்மதம் தெரிவித்தார். சிறுமியும் சம்மதித்தாள். மறுநாள் நாங்கள் கொடுத்ததை அவர் பெற்றுக்கொண்டார். எவ்வித வற்புறுத்தலும் இல்லை. இப்போது அவர் பேச்சு மாறுவது எனக்கு வருத்தமளிக்கிறது. ஏற்பாடுகள் செய்து முடித்த பிறகு அவற்றைக் கலைப்பது எல்லோருக்கும் சங்கடம்.

பிள்ளையைப் பிரிந்திருப்பது எங்களுக்கும் புதியதன்று. எங்கள் மகன் யென்ஸை விட்டுவிட்டுத்தான் இங்கே வந்திருக்கிறோம். ஆகவே தங்கள் மனநிலை எனக்குத் தெரியும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓ. கிரோன்பெக், ஆசிரியர்

*

சானடோரியம்,
1959 மே 29

மதிப்பிற்குரிய ஆசிரியர் கிரோன்பெக் அவர்களுக்கு,

நானும் நலம், தாங்களும் தங்கள் மனைவியும் நலமென நம்புகிறேன். உங்கள் மொழியில் எழுதுகிறேன். இங்கே வந்து இரண்டு ஆண்டுகள் ஆகப்போகின்றன. செவிலி ஒருத்தி பிழை திருத்தித் தந்தாள். திருத்தும்போது இரண்டு முறை என் முகத்தைப் பார்த்தாள்.

தங்கள் கடிதத்தைப் படித்தபின் எனக்குத் தெளிவு வந்துவிட்டது. என் மகளை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு உங்கள் மகன் யென்ஸை எங்களுக்குத் தாருங்கள். தபிதா ஏறும் கப்பலிலேயே அவன் வந்து இறங்கினால் போதும். இரண்டு பயணமாக வேண்டாம். பன்னிரண்டு வயது என்று அறிந்தேன். கயாக்கு பழகக் கொஞ்சம் தாமதம்தான். இருந்தாலும் என் அண்ணன் பொறுமைசாலி. பையனின் மார்பளவையும் கால் அளவையும் உடனே அனுப்புங்கள், அண்ணி தோலுடை தைக்க வேண்டும். கடல்நாய் ஈரல் பச்சையாகச் சாப்பிடுவானா? சாப்பிடாவிட்டால் ஒரு குளிர்காலத்தில் பழகிவிடுவான்.

அவன் பெரியவனாகிற வரைக்கும் எங்களிடம் இருக்கட்டும். நீங்கள் அவனுக்கு எழுதலாம். கப்பல் ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது. அந்த விடுதியில் திமிங்கிலம் கரைக்கு வருவதில்லை, நாய்வண்டி ஓட்டக் கற்பிப்பதில்லை. அறிவுள்ள பையனை அத்தகைய இடத்தில் விட்டுவைப்பது அநியாயம் என்று நானும் கருதுகிறேன்.

உங்கள் பதிலைச் சம்மதமாக எடுத்துக்கொள்வேன்.

மிக்க மரியாதையுடன்,
பிபியானே

*

சியோராவிக்,
1959 ஜூன் 27

திருமதி பிபியானே அவர்களுக்கு,

தங்கள் கடிதம் நேற்று வந்த கப்பலில் கிடைத்தது. என் மனைவி அதைப் படித்துவிட்டு அறைக்குள் போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

தாங்கள் இவ்வாறு எழுதத் துணிந்தது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. என் மகன் கைமாற்றிக்கொள்ளும் பொருள் அல்லன். அவனுக்குத் தாயும் தந்தையும் இருக்கிறார்கள். அவன் எங்கே வளர வேண்டும் என்பதைக் காப்பி குடிக்கும் இடத்திலோ கடிதத்திலோ எவரும் தீர்மானிக்க முடியாது. அவனுடைய மொழி தெரியாத, அவனுடைய உணவு இல்லாத ஓர் இடத்தில், பெரியவனாகிற வரைக்கும்

இந்த வரியை முடிக்காமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வேறு தாளில் எழுதலாம் என்று நினைத்தேன், வேண்டாம்.

தங்கள் மகளின் பெயரை நீக்கும்படி மாவட்ட அலுவலகத்துக்கு இதே கப்பலில் எழுதுகிறேன். தாங்கள் விளையாட்டாக எழுதினீர்களா என்பது எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஓ. கிரோன்பெக்

*

சியோராவிக்,
1959 ஜூன் 28, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான தங்கைக்கு,

அனைவரும் சுகம். கப்பல் இன்று மாலை புறப்படுகிறது.

நேற்று பிற்பகல் ஆசிரியர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முதல் முறையாகக் கதவைத் தட்டாமல் வந்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும். கையில் உன் கடிதம். முகம் வெந்த இறால் போல் சிவந்திருந்தது.

"உங்க தங்கச்சி என்ன எழுதியிருக்காங்கன்னு தெரியுமா? என் பிள்ளையைக் கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் அண்ணி.

"என்ன சொல்றதா? முடியாதுன்னுதான்."

"அப்பாடா," என்றாள். "இத்தனை நாள் கழிச்சு ஒரு ஆள் சரியாப் பதில் சொல்லிட்டார். உக்காருங்க, காப்பி குடிங்க."

அவர் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் அண்ணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படின்னா அன்னிக்கு நீங்க சொன்னது?" என்று கேட்டார். நான் எழுந்து கெட்டிலை அடுப்பிலிருந்து இறக்கினேன். தபிதாவின் பெயரை நீக்கிவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். மன்னிப்புக் கேட்டாரா? கேட்கவில்லை. ஒரு குளிர்காலம் முழுவதும் ஒரு குடும்பத்தைக் கலங்க அடித்தவர், கதவைச் சாத்தாமல் போய்விட்டார். கொசு வந்ததுதான் மிச்சம்.

கெட்டிலை உடனே திருப்பிக் கொண்டுபோனேன். எல்னா அம்மையார், கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது என்றார். வீட்டுக்கு எடுத்துவர எனக்கும் மனமில்லை. இரு வீட்டுக்கும் நடுவே உள்ள பாறைமேல் வைத்துவிட்டு வந்தேன். இன்று காலை வெந்நீர் வைக்க நேரமாகிவிட்டது.

தபிதா உனக்கு ஒரு கடிதம் எழுதி, உறையை ஒட்டித் தந்திருக்கிறாள். உள்ளே என்ன என்று அறியேன்.

பவியா

*

அம்மா,

நான் தபிதா. நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா?

என் பேரை அடிச்சுட்டாங்களாம். நீ எழுதினதாலதான்னு அத்தை சொன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க. ஏம்மா அப்படி எழுதின? நீ இருக்கற ஊருதானே டென்மார்க்? வாத்தியார் வகுப்புல படம் காட்டினார், சின்ன ஊருதான், விரல் நகம் அளவு. அதுல எங்க இறக்கிவிட்டாலும் நான் நடந்தே உன்கிட்ட வந்திருப்பேன்.

மாமா கெட்டிலுக்குக் குடுக்கறேன்னு சொன்னப்ப விளையாட்டுன்னு எனக்குத் தெரியும். "மாட்டேன்"னு சொல்லணும்னும் தெரியும். ஆனா அவர் டென்மார்க்குன்னு சொன்னார். அதனாலதான் சரின்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. மாமா மட்டும் சிரிக்கல, என்னையே பாத்தார். அன்னிக்கு ராத்திரி நான் துணியெல்லாம் மூட்டை கட்டினேன். அவர்தான் அவிழ்த்து வச்சார், ஒண்ணும் கேக்கல.

ஆகஸ்டுல நீ வந்துடுவியா? வரலன்னா சொல்லு, வேற வழி பாக்கறேன்.

தபிதா

*

சானடோரியம்,
1959 ஜூலை 20

அன்புள்ள அண்ணா,

அண்ணியும் நீங்களும் நலமா? நான் நலம் என்று இரண்டு ஆண்டுகளாக எழுதிவந்தேன். அது பொய். எடை கூடவே இல்லை. ஏப்ரலில் ஒரு பக்க விலா எலும்புகளில் சிலவற்றை எடுத்தார்கள். இலையுதிர் காலத்தில் மறுபடியும் அறுவை. ஆகஸ்டுக் கப்பலில் நான் இல்லை. அடுத்த ஆண்டுக் கப்பலையும் மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை.

ஆசிரியருக்கு நான் எழுதிய கடிதத்தை நினைத்து ஏழு வாரம் பெருமைப்பட்டேன். வார்டு முழுவதும் பெருமைப்பட்டது. பிறகு என் மகளின் கடிதம் வந்தது.

அண்ணா, உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் கட்டிய மூட்டையை நீங்கள் அவிழ்த்திருக்கிறீர்கள். கெட்டிலை மறைத்தது எனக்குப் புரிகிறது, அது வெட்கம். இதை ஏன் மறைத்தீர்கள்? ஆறு மாதமாகக் கொக்கியையும் நாயையும் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அந்தத் தாளில் ஒரு மூலையில், "பிள்ளை உன்னிடம் வரப் பார்க்கிறாள்" என்று எழுத இடமில்லையா? உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் அந்த ஆசிரியர் மேல்கூட வரவில்லை. பிறகு யோசித்தேன். நானும் எடை கூடியது என்று எழுதியவள்தான்.

அவள் வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. எல்னாவின் அக்காள் வீடு நாட்டின் மறுகோடியில், இரண்டு ரயிலும் ஒரு படகும் மாற வேண்டிய தூரத்தில் இருக்கிறது. இங்கே பதினைந்து வயதுக்குக் கீழே எவரையும் வார்டுக்குள் விடுவதில்லை. செவிலியிடம் கேட்டேன், மருத்துவரிடமும் கேட்டேன். ஜன்னல் வழியே காட்டவும் மாட்டார்களாம்.

இதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். எழுதப் பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். விளையாட்டாகச் சொல்லாதீர்கள். அவள் என்ன சொன்னாள் என்பதை, ஒரு சொல் விடாமல், இந்த முறையாவது எழுதுங்கள்.

பிபியானே

*

சியோராவிக்,
1959 ஆகஸ்டு 16, ஞாயிறு

அன்பான தங்கைக்கு,

கப்பல் ஆகஸ்டு 12, புதன்கிழமை வந்தது. உன் கடிதத்தை அன்றே படித்தேன். படித்துவிட்டு அண்ணியிடம் கொடுத்தேன். உன் விலா எலும்புகளைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றதை எழுத முடியாது.

மறுநாள், ஆகஸ்டு 13, வியாழன் காலை தபிதாவைக் கரைக்கு அழைத்துப் போனேன். கப்பலிலிருந்து நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீ எழுதியதை எழுதியபடியே சொன்னேன். அறுவை, ரயில், படகு, பதினைந்து வயது, ஜன்னல். அவள் அழவில்லை. கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"மாமா, உங்க நெஞ்சு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இருமல் இல்லையே?"

"இல்ல."

"அப்படின்னா நீங்க போங்க. அம்மா கட்டில்ல போய்ப் படுத்துக்கங்க. அம்மாவை அனுப்பிடச் சொல்லுங்க. நீங்க நிறையத் திங்கறீங்க. எங்களுக்குக் கட்டுப்படியாகாது."

அவளுடைய குரல் சரியாகத்தான் இருந்தது. விளையாட்டில் நாம் பிள்ளைகளிடம் கேட்கும் குரல்தான். முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. இப்படிக் கேட்டால் "மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். அல்லது பிள்ளையைத் திருப்பி மடக்க வேண்டும். அறுபத்து மூன்று வயதில் எனக்கு இது தெரியாததல்ல. எத்தனையோ பிள்ளைகளிடம் நான் கேட்டிருக்கிறேன். ஒரு பிள்ளை என்னிடம் கேட்பது இதுவே முதல் முறை.

நீ என்னிடம் கேட்ட கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். அன்று இரவு மூட்டையை அவிழ்த்தபோது, அதில் ஒரு சட்டை உன்னுடையது. அவளுக்கு அது முழங்கால் வரை வரும். அதைப் பற்றி உனக்கு எழுதினால், நீ கட்டிலைவிட்டு எழுந்து கப்பல் துறைக்கு நடந்துவிடுவாய் என்று பயந்தேன். ஆகவே நாயைப் பற்றி எழுதினேன். இதற்கு மேல் என்னால் விளக்க இயலாது.

நோய் ஒருவரிடமிருந்து கழன்று மற்றொருவருக்குப் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆயினும் மூன்று நாள் யோசித்தேன். என் மார்பு சுத்தமாக இருக்கிறது. ஜூன் மாதம் கப்பல் மருத்துவர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துச் சொன்னது. எலும்பும் உறுதி. ஒருவருக்கு இல்லாததை இன்னொருவரிடமிருந்து எடுத்து வைக்கும் வித்தை ஏதேனும் உங்கள் மருத்துவரிடம் இருக்கிறதா என்று கேள். தயங்காமல் கேள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஏனென்றால் அவளிடம், "சரி, போறேன்," என்றேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. கப்பல் நாளை காலை புறப்படுகிறது. என்னை ஏற்றிக்கொள்ள மாட்டோம் என்று கப்பல் தலைவர் இரண்டு முறை சொல்லிவிட்டார். உன் மருத்துவர் சொல்வதை எழுது.

இங்கே மூவரும் சுகம்.

உன் அண்ணன்,
பவியா